சனிக்கிழமைப் பருப்பு சூப்

கேரட் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பேச்சியம்மாள் உருளைக்கிழங்குக் கூடைக்குள் கையை விட்டாள். கிழங்குகளுக்கு அடியில் மூக்குக்கண்ணாடி கிடந்தது. ஏப்ரன் முனையால் மண்ணைத் துடைத்தாள். மாடியில் குளியலறைத் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. கிழவரின் மகன் இறங்கி வருவதற்குள் கொடுத்துவிட வேண்டும். விறுவிறுவென்று கூடத்துக்குப் போய், செய்தித்தாளை மடியில் விரித்தபடி உட்கார்ந்திருந்தவரின் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

"எங்கே இருந்தது?"

"மேசை மேலதான் இருந்துச்சு மிஸ்டர்."

"மேசையில் நான் பார்த்தேனே."

"நீங்க பாத்த லட்சணம்."

அவர் சிரித்தார். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். அவருடையது வகுப்புக்குப் போய்ப் படித்த மலாய், இவளுடையது சந்தை மலாய். பதினான்கு வருடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் கெடுத்திருந்தன. தமிழில் அவருக்குத் தெரிந்தது இரண்டே சொற்றொடர்: "போதும்", "நல்லா இருக்கு". இரண்டும் சாப்பாட்டு மேசைக்கு உரியவை.

அவர் பெயர் ஊவே. செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர். வேலை முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. மனைவி ரெனாட்டேவுக்கு வெயில் பிடித்திருந்தது. கெலாங் பாத்தாவில், சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில், காவல் வைத்த குடியிருப்பு ஒன்றில் வீடு எடுத்தார்கள். வெயில் வேண்டும் என்று தங்கியவர்கள் டிசம்பர் வந்துவிட்டால் குளிர் வேண்டும் என்பார்கள். முதல் ஞாயிறு அன்று ஏசியைப் பதினேழு டிகிரியில் வைத்து, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சூப் குடிக்க உட்காருவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில் பேச்சியம்மாளுக்குப் பல் கிட்டிக்கொண்டது. மறுநாள் மகன் விஜயனின் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டை எடுத்து வந்து, அவன் வண்டியில் போடுவதுபோலவே முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டாள். அந்த ஜாக்கெட்தான் இன்றும் அவள் மேல் இருந்தது. விஜயனுக்கு இப்போது ஜாக்கெட் தேவையில்லை. சிங்கப்பூரில் ரயிலில் போகிறான்.

அன்று காலை குடியிருப்பு வாசலில் காவலாளி காளியப்பன் கம்பத்தைத் தூக்கிவிட்டபோது கேட்டான்.

"என்னக்கா, சனிக்கிழம. ஜெர்மன் சாம்பாரா?"

"பருப்பு சூப்புடா. நூறு தடவ சொல்லியாச்சு."

"பருப்பு போடுறீங்க, கேரட்டு போடுறீங்க, கடசில புளிப்பு ஊத்துறீங்க. அது சாம்பார் இல்லாம என்னா லா?"

"புளி இல்ல, வினிகரு. வாயப் பாரு."

"மகன் வந்திருக்காரு போல. முந்தாநாள் டாக்சில பெரிய பெட்டியோட வந்தாரு. ரெண்டு பெட்டி. ஒண்ணு காலிப் பெட்டி. தூக்குனேன், காத்து மாதிரி இருந்துச்சு."

பேச்சியம்மாள் குடையை விரித்தாள். மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே மழை, உள்ளே பதினேழு என்று மாறி மாறிப் போய் வியாழக்கிழமையே சளி பிடித்துவிட்டது.

அந்தக் காலிப் பெட்டியைப் பற்றி அவளுக்குக் காளியப்பன் சொல்ல வேண்டியதில்லை. மகன் மார்க்குஸ் நேற்றே நேராகக் கேட்டுவிட்டான். பின்கட்டுச் சமையலறையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். அவனுக்கு மலாய் வராது. அவளுக்காக ஆங்கிலத்தை மெதுவாகப் பேசினான்.

"என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் அறை காலியாகிறது. ஆனால் அப்பாவைப் பார்சல் மாதிரித் தூக்கிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. நன்றாக இருந்தால் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சொல்லுங்கள், மறக்கிறாரா?"

"வயசானா எல்லாரும்தான். நானும் மறக்கிறேன்."

"அதைவிட அதிகமாக?"

"இல்லை."

"சரி. நாளைக்கு நாம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். திங்கட்கிழமை எனக்கு விமானம். அதற்குள் முடிவு செய்ய வேண்டும்" என்றான்.

இல்லை என்று அவள் சொன்னது ஒன்றரை வருடத்துப் பொய். ஐஸ் பெட்டிக்குள் கடிகாரம் இருந்ததும், ஒரு நாள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு தொழிற்சாலைக் கார் வரும் என்று வாசலில் மத்தியானம்வரை நின்றதும் அவளுக்கும் காளியப்பனுக்கும் மட்டும்தான் தெரியும். காளியப்பனிடம் ஒரு டப்பா முறுக்கு கொடுத்து வாயை அடைத்திருந்தாள். மகன் கணினியில் முகம் பார்த்துப் பேசும் நேரம் ஞாயிறு மாலை நான்கு மணி. மூன்றரைக்கு அவருக்குத் தலை வாரிவிட்டு, "இன்னிக்கு ஞாயிறு. கோழி சூப் குடிச்சீங்க. பேரப்புள்ளைக்குப் பரீட்சை. கேளுங்க" என்று சொல்லிக் கொடுப்பாள். அவர் கேட்பார். மகன் திருப்தியாகப் போய்விடுவான்.

சூப்தான் அவருடைய நாட்காட்டி என்பதை அவள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ரெனாட்டே மேடம் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. திங்கள் உருளைக்கிழங்கு. புதன் பட்டாணி, கரண்டி நட்டால் நிற்கிற கெட்டியில். வியாழன் முட்டைக்கோஸ். வெள்ளி மீன். சனி பருப்பு. ஞாயிறு தெளிந்த சாற்றில் ரவை உருண்டை. செவ்வாய் மட்டும் சூப் இல்லை, ரொட்டியும் சீஸும். வெயில் காலத்தில் இதில் பாதிதான் நடக்கும். டிசம்பரிலிருந்து மார்ச்வரை ஒரு நாள்கூடத் தவறாது. போன வருடம் பட்டாணி கிடைக்காமல் ஒரு புதன்கிழமை பருப்பு வைத்தாள். அவர் அதைச் சனிக்கிழமையாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் ஞாயிற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுவதும் அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. காலையில் "பேச்சி, இன்றைக்கு என்ன சூப்?" என்று அவர் கேட்பதன் பொருள் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு பட்டாணியை ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தாள்.

அவள் இந்தச் சமையலுக்கு வந்தது ஐம்பதை எட்டுகிற வயதில். கூலாய்ப் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, உதிரிப் பழம் பொறுக்கி, அய்யாவுவைக் கட்டி, தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலைக்குப் பாத்திரம் கழுவப் போனாள். அய்யாவு லாரியில் அடிபட்டுப் போனபோது விஜயன் படித்துக்கொண்டிருந்தான். சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட வந்த ஊவே, வீட்டில் உதவிக்கு ஆள் வேண்டும் என்றார். மாட்டெலும்பைத் தொடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ரெனாட்டே மேடம் ஞாயிற்றுக்கிழமைச் சாற்றைத் தானே வைத்துக்கொண்டாள். மேடம் புற்றுநோயில் போன பிறகு அது கோழிச் சாறாகிவிட்டது. ஊவே ஒன்றும் சொல்லவில்லை.

மேடத்தோடு அவளுக்கு ஒரே ஒரு சண்டைதான், கடைசிவரை தீராத சண்டை. பேச்சியம்மாள் ருசி பார்க்கமாட்டாள்.

"சமைப்பவள் ருசி பார்க்க வேண்டும் பேச்சி. அதுதான் சமையலின் கடைசி வேலை" என்பாள் மேடம், கரண்டியை நீட்டி.

"நாங்க வாய் வைக்க மாட்டோம் மேடம். முதல்ல சாப்பிடுறவங்க சாப்பிடணும்."

"உப்பு எப்படித் தெரியும்?"

"மூக்குல தெரியும்."

மேடம் நம்பவில்லை. சோதித்தும் பார்த்தாள். உப்புப் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு பாத்திரம் வைத்தாள். பேச்சியம்மாள் ஆவியை மோந்துவிட்டு எது எது என்று சொன்னாள். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் முந்நூறு பேருக்கு ஆக்கும்போது யாரும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. உப்பு ஏறிய கொதிக்கு ஒரு மணம் உண்டு. ஏறாததன் மணம் பச்சையாக இருக்கும். உருளைக்கிழங்கு சூப்பில் போடும் காய்ந்த இலையைப் போத்தலில் மோந்த முதல் நாளே, பூக்காரர்கள் மாலையில் வைத்துக் கட்டும் மரு அது என்று சொல்லி மேடத்தைச் சிரிக்க வைத்தவள் அவள். ஆனால் அந்தச் சூப்புகளில் எதையும் இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. அவர்கள் சாப்பிட்டு முடித்ததும், வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைப் பின்கட்டில் நின்றபடி சாப்பிடுவாள். யாரும் அவளை உட்கார வேண்டாம் என்று சொன்னதில்லை. உட்காரச் சொல்லியும் வற்புறுத்தியதில்லை.

இப்போது அடுப்பில் பருப்பு முக்கால் பதம் வெந்துவிட்டது. சட்டைப் பொத்தான்போல் தட்டையான, தவிட்டு நிறப் பருப்பு. கேரட், லீக்ஸ், செலரித் தண்டு, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டாயிற்று. பிரியாணி இலை மிதந்தது. சாசேஜை வேறு சட்டியில் சூடு பண்ணினாள். மழை சரிந்து அடிக்கத் தொடங்கியது. பின்பக்கக் கூரையடிக் கொடியில் மார்க்குஸின் சட்டைகளும் ஊவேயின் சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்து ஓடினாள். ஏழு சட்டை, நான்கு கால்சட்டை. எடுத்து மடித்து வைத்துவிட்டு வர எட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது உப்புச் சாடியின் மரமூடி மேசைமேல் தனியாகக் கிடந்தது.

நானா திறந்து வைத்தேன் என்று நினைத்தாள். ஓடுகிற அவசரத்தில் திறந்திருக்கலாம்; உப்புப் போட்ட நினைவு இல்லை. சூப்பின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். அடைத்த மூக்குக்குள் வெறும் சூடுதான் போனது. இன்னொரு தடவை இழுத்தாள். ஒன்றுமில்லை. கரண்டி பக்கத்திலேயே இருந்தது. மணி பன்னிரண்டே கால். எப்போதும் போடுகிற இரண்டு மரக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டு, கிண்டி, கடைசியில் வினிகரும் ஒரு சிட்டிகைச் சீனியும் சேர்த்து மூடினாள்.

பன்னிரண்டரைக்கு மூன்று தட்டு வைத்தாள். மார்க்குஸ் மூன்றாவதைக் காட்டி, "இது உங்களுக்கு" என்றான். அவள் தலையாட்டிவிட்டு நின்றுகொண்டேயிருந்தாள். ஊவேயின் தலை வாரப்பட்டிருந்தது. காலரைச் சரிசெய்து, சொல்ல வேண்டியதை எல்லாம் காதில் போட்டிருந்தாள். இன்றைக்குச் சனி. மகன் திங்கள் போகிறான். பேத்தி நீச்சல் கற்கிறாள்.

"பருப்பு சூப்" என்றார் ஊவே, மூடியைத் திறந்ததும். "சனிக்கிழமை."

மார்க்குஸ் அவரை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒரு தளர்வு தெரிந்தது. பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள்.

"லீனா நீச்சலுக்குப் போகிறாளா?" என்றார் ஊவே ஜெர்மனில். லீனா என்ற பெயர் அவள் காதில் விழுந்தது. அப்பனும் மகனும் ஏதோ பேசிக்கொண்டார்கள். மகன் இரண்டு தடவை சிரித்தான். போய்விடும், இது நல்லபடியாகப் போய்விடும் என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நினைத்தாள். காலையில் எட்டு மணிக்குத் தன்னிடம் இன்றைக்கு என்ன என்று கேட்க உலகத்தில் இந்த ஒரு மனிதர்தான் இருந்தார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மார்க்குஸ் ஒரு கரண்டி வாயில் வைத்தான். விழுங்கவில்லை. பிறகு விழுங்கினான். தண்ணீரை எடுத்துக் குடித்தான். அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

ஊவே குடித்துக்கொண்டிருந்தார். ஒரே சீராக, தட்டைச் சற்று எதிர்ப்பக்கம் சாய்த்து, கரண்டி கீழே இடிக்காமல். ரொட்டியைத் தொட்டுத் துடைத்தார். தட்டு காலியானது.

"நல்லா இருக்கு" என்றார் தமிழில். பிறகு தட்டை நீட்டினார்.

பேச்சியம்மாள் ஊற்றப் போனாள். மார்க்குஸ் அவள் கையை மெதுவாகத் தடுத்தான்.

"பாப்பா" என்றான். ஆங்கிலத்திலேயே கேட்டான், அவளுக்கும் புரியட்டும் என்பதுபோல. "உனக்கு உப்புத் தெரியவில்லையா?"

"உப்புக்கு என்ன?"

என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. மரமூடி கண்முன் வந்தது.

"சார், நான்தான்" என்றாள் அவசரமாக. "எனக்குச் சளி. ரெண்டு தடவ போட்டுட்டேன். என் தப்பு. அவரு பாவம், எனக்காகச் சொல்லாம சாப்பிடுறாரு."

நல்ல பொய். மார்க்குஸ் அதை ஏற்றுக்கொள்ளக்கூடிய பொய். ஒரு விநாடி அவன் ஏற்றுக்கொண்டதுபோலக்கூட இருந்தது.

ஊவே தலையை ஆட்டினார். நியாயம் பேசுகிறவரின் முகம். "இல்லை. பேச்சியைச் சொல்லாதே. உப்பு நான் போட்டேன்" என்றார். "ரெனாட்டே சமையலறையில் நின்றாள். பேச்சி இன்றைக்கும் ருசி பார்க்கவில்லை, நீ போய்ப் போடு என்றாள். போட்டேன்."

ஏசியின் சத்தம் கேட்டது. ஊவே இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போதும்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் அவருக்குச் சொல்லத் தெரியாத சொல் அது.

மார்க்குஸ் அவரை மாடிக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தான். பின்கட்டில் அவள் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளாக?"

"ஒன்றரை வருஷம்."

அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். பிறகு "நன்றி" என்றான். "சார், நான் ராத்திரியும் இங்கேயே தங்குறேன். எனக்கு வீட்டுல யாரும் இல்ல" என்றாள். அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் பாதி மலாயில் சொன்னாள். அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் அவள் தோளில், ஜாக்கெட்டின் பின்பக்கம் முன்னால் இருந்த இடத்தில், கையை வைத்து எடுத்தான். உள்ளே போய்விட்டான்.

சூப் ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. கரண்டியால் விலக்கி, ஒரு வாய் எடுத்தாள். அவர்கள் சாப்பிட்டாயிற்று, இனி வாய் வைக்கலாம். உப்பு நாக்கைச் சுருட்டியது. அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், பருப்பும் வினிகரும் கொஞ்சம் தெரிந்தன. நல்ல சூப்பாகத்தான் இருந்திருக்கும். இரண்டு கிழங்கை வெட்டிப் போட்டு, இரண்டு குவளைத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்திருந்தால் போதும், சரியாகியிருக்கும். மேடம் சொல்லிக் கொடுத்த கைவைத்தியம்தான் அது. பதினைந்து நிமிட வேலை. பன்னிரண்டே காலுக்கு ஒரு கரண்டி வாயில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வாய் குடித்தாள். மீதியைக் கழுவுதொட்டியில் ஊற்றி, பாத்திரத்தைத் தேய்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்குப் போனாள். காளியப்பனுக்கு விடுமுறை, வேறொருவன் பெயர் எழுதச் சொன்னான். எழுதினாள். வீட்டில் ஏசி அணைக்கப்பட்டு சன்னல்கள் திறந்திருந்தன. மார்க்குஸ் தொலைபேசியில் விமானத்தில் இன்னொரு இருக்கை கேட்டுக்கொண்டிருந்தான். கோழியை வெளியே எடுத்தவளிடம், மத்தியானம் ரொட்டியே போதும் என்றான். பத்து மணிக்கு ஊவே இறங்கி வந்தார். "பேச்சி, இன்றைக்கு என்ன சூப்?" என்று கேட்டார். சூப் இல்லை என்றாள். "அப்படியானால் செவ்வாய்" என்றார். ஆமாம் என்றாள். அவருடைய பதினொரு சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டாள். கம்பளிச் சட்டைகள் மூன்றையும் தட்டி மடித்து, கூடத்தில் திறந்திருந்த அந்தக் காலிப் பெட்டியில் வைத்தாள். கோழியை அவளையே கொண்டுபோகச் சொன்னான் மார்க்குஸ். ஒரு மணிக்குக் கிளம்பினாள். மழை இல்லை. ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பேருந்து ஒன்றே முக்காலுக்கு வந்தது. வீட்டில் கோழியை ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஆறு மணிக்கு விஜயன் கூப்பிட்டு, இந்த வாரம் வர முடியாது, வேலை இருக்கிறது என்றான். சரி என்றாள். பழைய சோறும் வறுத்த நெத்திலியும் சாப்பிட்டாள். ஒன்பது மணிக்குப் படுத்தாள்.